அமிலச் சுரங்கநீருக்கு எந்தக் கழிவு? மட்டி ஓடு, சாம்பல், கார்பைடு சுண்ணாம்பு, நண்டு ஓடு: ஓர் ஒப்பீடு

திருவொற்றியூரிலிருந்து மேகாலயாவுக்கு வேலைக்குப் போன தம்பி ஒருவர் போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தார். மலைச்சரிவில் ஓர் ஓடை. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. அடியில் கிடக்கும் கற்களில் மட்டும் மஞ்சள் கலந்த செம்மை, குழைத்துப் பூசியதுபோல் அப்பியிருக்கிறது. "அண்ணா, இதில் ஒரு தவளைகூட இல்லை. நம் எண்ணூரில் குவிந்து கிடக்கும் சாம்பலையோ மட்டி ஓட்டையோ இதில் போட்டால் சரியாகுமா?" என்று கேட்டிருந்தார். அதே வாரம் வடசென்னைக் கல்லூரி ஒன்றின் இறுதியாண்டு மாணவிகள் இருவர் இதே கேள்வியோடு வந்தார்கள். கையில் நான்கு கழிவுகளின் பட்டியல். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி வழிகாட்டி ஆசிரியர் அனுப்பியிருக்கிறார். எது என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

இரு தரப்புக்கும் சேர்த்து எழுதுகிறேன். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையிலும், எண்ணூர் அனல்மின் நிலையங்களின் சாம்பலை மூச்சிழுத்து வளர்ந்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

முதலில் அந்த அமிலச் சுரங்கநீர் எப்படி உண்டாகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். நிலக்கரியோடும் உலோகத் தாதுக்களோடும் பைரைட் என்ற கனிமம் கலந்திருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது அது. மண்ணுக்குள் மூடிக் கிடக்கும்வரை தொல்லையில்லை. தோண்டியதும் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறுகிறது. அந்த இரும்பு காற்றில் மேலும் ஆக்சிஜனேறி, மிச்சமிருக்கும் பைரைட்டையே அரிக்கத் தொடங்குகிறது. இதையே உணவாகக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் வேகத்தைப் பல மடங்கு கூட்டுகின்றன. அமிலம் பாறையைத் தின்னும்போது அலுமினியம், மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, நிக்கல், காட்மியம் என்று அங்கே இருப்பதெல்லாம் கரைந்து வெளியே வரும். மேகாலயாவின் ஜெயின்டியா மலை நிலக்கரியில் கந்தகம் மிகுதி. அங்கே ஆள் தவழ்ந்து போகும் அளவுக்குக் குறுகலாகத் தோண்டும் எலிவளைச் சுரங்கங்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடைசெய்தது. தடை உத்தரவு தோண்டுவதைத்தான் நிறுத்தும். கைவிட்ட குழிகளிலிருந்து கசியும் அமிலத்தை நிறுத்தாது. இந்தக் கசிவு பத்தாண்டுகளில் தீர்வதல்ல, தலைமுறைக் கணக்கு. எந்தக் கழிவைத் தேர்ந்தெடுத்தாலும் இதை மனத்தில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலான மாணவர் அறிக்கைகள் ஒரே ஒரு அளவுகோலைத்தான் பார்க்கின்றன: பி.எச். எவ்வளவு ஏறியது? (பி.எச். என்பது அமிலத்தன்மையின் அளவு: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்.) அது போதாது.

முதல் கேள்வி, எந்த உலோகத்தை எடுக்கவேண்டும் என்பது. ஒவ்வோர் உலோகமும் தனக்கென ஒரு பி.எச். படியில்தான் கரைசலைவிட்டு இறங்கும். முழுதும் ஆக்சிஜனேறிய இரும்பு 3.5 அளவிலேயே படியத் தொடங்கிவிடும். அலுமினியம் 5-ஐத் தாண்டினால் படியும், ஆனால் 9-க்கு மேலே போனால் மறுபடி கரையும். செம்புக்கு 7 வாக்கில், துத்தநாகத்துக்கு 9 வாக்கில், நிக்கல், காட்மியம், மாங்கனீசு ஆகியவற்றுக்கு 10 வாக்கில். தண்ணீர் தெளிந்துவிட்டது, பி.எச். 7 வந்துவிட்டது என்று மகிழும்போது மாங்கனீசும் காட்மியமும் கண்ணுக்குத் தெரியாமல் அப்படியே ஓடிக்கொண்டிருக்கக்கூடும். நம் நாட்டின் பொதுவான வெளியேற்ற வரம்புகளின்படி, உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் நீரில் பி.எச். 5.5 முதல் 9 வரை, இரும்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம், மாங்கனீசு 2, துத்தநாகம் 5 என்பவை எல்லைகள்.

அடுத்தது, மொத்த அமிலச் சுமை. இதை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்புக்கல்லின் சாரம்) தேவை என்ற கணக்கில் அளப்பார்கள். இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: நாளொன்றுக்கு 10,000 லிட்டர் கசியும் சிறிய ஊற்று, அமிலச் சுமை லிட்டருக்கு 800 மில்லிகிராம், இரும்பு 200 மில்லிகிராம். இதற்கு நாளொன்றுக்கு 8 கிலோ தூய கால்சியம் கார்பனேட் வேண்டும்.

மூன்றாவது, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பது. நான்காவது கேள்வியை யாரும் கேட்பதில்லை; எனக்கு அதுதான் முதன்மை. வெளியே எடுத்த உலோகச் சேற்றை எங்கே வைக்கப்போகிறீர்கள்? உலோகம் அழியாது. நீரிலிருந்து சேற்றுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

கடைசியாக லாரி வாடகை. கழிவு இலவசம்; அதைச் சுமந்து போவது இலவசமல்ல.

## மட்டி, ஆழி ஓடுகள்

எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தது பழைய தொழில். இன்று அங்கே வேறு ஓர் ஓடு மலைபோல் கிடைக்கிறது. மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் தென்னமெரிக்கச் சிப்பி இனம், கப்பல்களோடு வந்ததாகக் கருதப்படுவது, ஆற்றின் அடித்தரையைக் கம்பளம்போல் மூடி மஞ்சள் மட்டியையும் பச்சை ஆழியையும் இறாலையும் வாழவிடாமல் செய்துகொண்டிருக்கிறது. அள்ளி எடுக்கப்படும் அந்தக் காக்கா ஆழிக்கு ஒரு பயன் கிடைக்குமானால் எண்ணூர்க் காட்டுக்குப்பத்து மீனவர்களைவிட மகிழ்பவர் யாரும் இருக்கமாட்டார்கள். மாணவிகள் இந்த ஓட்டைத் தேர்ந்தெடுக்க ஆசைப்பட்டதற்கும் அதுவே காரணம்.

சிப்பி ஓட்டில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். நம் உதாரண ஊற்றுக்கு ஏட்டுக்கணக்கில் நாளொன்றுக்கு 8 கிலோவுக்குச் சற்று மேல். ஆனால் ஏட்டுக்கணக்கு நடப்பில் நிற்காது. ஏன் என்பதை என் மாடியில் ஒரு கண்ணாடிச் சாடியில் பார்த்தேன். அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) கந்தக அமிலமும் கலந்து செய்த போலிச் சுரங்கநீரில் உடைத்த ஓடுகளைப் போட்டதும் சோடாவைப் போல் நுரைத்தது. முதல் நாள் பி.எச். மளமளவென்று ஏறியது. மூன்றாம் நாள் நுரை அடங்கிவிட்டது, பி.எச். நகரவில்லை. ஓடுகள் எல்லாம் செங்காவி நிறம். ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினேன். காகிதம்போல் மெல்லிய துருத்தோல் உரிந்து வந்தது. உள்ளே ஓடு வெள்ளைவெளேரென்று, தொடப்படாமலே இருந்தது. இரும்புத் துருவும் ஜிப்சமும் சேர்ந்து ஓட்டுக்குக் கவசம் போட்டுவிடுகின்றன. சுண்ணாம்புக்கல் வாய்க்கால்களிலும் நடப்பது இதுதான். பாதி ஓடு வீணாகும் என்று வைத்து இரட்டிப்பாகக் கணக்கிடுங்கள்: நாளுக்கு 16 கிலோ, ஆண்டுக்கு ஏறத்தாழ 6 டன்.

இன்னொரு வரம்பும் உண்டு. எத்தனை ஓட்டைப் போட்டாலும் பி.எச். 7.5 வாக்கில் நின்றுவிடும். இரும்பு, அலுமினியம், ஓரளவு செம்பு இறங்கும். துத்தநாகம் அரைகுறை. நிக்கலும் காட்மியமும் பெரும்பாலும் தப்பிவிடும். ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினால் இந்த வரம்பைத் தாண்டலாம். ஆனால் அதற்கு 850, 900 டிகிரி வெப்பமும் விறகுச் செலவும் வேண்டும். அப்போது அது இலவசக் கழிவு என்ற பேச்சே இல்லை. மறைமுகச் செலவில் சதை நீக்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகவைத்து, கழுவி, வெயிலில் காயவைக்காத ஓடு இரண்டே நாளில் தெருவையே நாறடிக்கும்.

இரும்பு குறைவாகவும் அமிலம் மிதமாகவும் உள்ள நீருக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்கு, ஓடு நல்ல தேர்வு. இரும்பு மிகுந்த நீரில் ஓட்டை மட்டும் நம்பினால் சில மாதங்களில் செங்காவிக் கற்குவியல்தான் மிஞ்சும்.

## நிலக்கரிச் சாம்பல்

இதைப் பற்றி எழுதும்போது எனக்கு நிதானம் குறைகிறது. சாம்பல் குழம்பு கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றுப்படுகையில் படிந்த சாம்பலில் முழங்கால்வரை நின்று வலை வீசியவர்களை எனக்குத் தெரியும். செப்பாக்கத்தில் சாம்பல் குட்டைக்குப் பக்கத்திலேயே மக்கள் குடியிருக்கிறார்கள். அந்தச் சாம்பல் எதற்காவது பயன்படட்டும் என்ற தவிப்பு புரிகிறது. ஆனால் கணக்கு அதற்கு இணங்கவில்லை.

எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வடசென்னை அனல்மின் நிலையங்கள் எரிப்பதோ பெரும்பாலும் ஒடிசா பக்கத்துக் கரி. அதன் சாம்பல் மணற்சத்தும் அலுமினாவும் மிகுந்தது, சுண்ணாம்பு சொற்பம். அமிலத்தோடு வினைபுரியக்கூடிய சுண்ணாம்பு 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நம் சிறிய ஊற்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 225 கிலோ சாம்பல் வேண்டும். ஆண்டுக்கு 80 டன்னுக்கு மேல். அத்தனையும் உலோகம் ஏறிய ஈரச் சேறாக மலையடிவாரத்தில் குவியும். நாளுக்கு பத்தாயிரம் லிட்டர் தண்ணீரைத் திருத்தப் போய் இன்னொரு சாம்பல் குட்டையைக் கட்டியிருப்போம்.

அதோடு சாம்பலுக்குள்ளேயே ஆர்செனிக், செலினியம், போரான் உண்டு. சில உலோகங்களைப் பிடித்துக்கொண்டு இவற்றை அது நீரில் விடக்கூடும். சாம்பலைச் சோதனைக்கு எடுத்தால் இந்த மூன்றையும் அளக்காமல் முடிவு எழுதாதீர்கள்.

சாம்பல் பொருந்தும் இடமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பு மிகுந்த சாம்பலைக் கைவிட்ட குழிக்குள் நிரப்பி, பைரைட்டுக்குக் காற்றும் நீரும் போகாமல் அடைப்பது. அதாவது அமிலம் உண்டானபின் மருந்து கொடுக்காமல், உண்டாகாமலே தடுப்பது. மத்திய அரசின் 2021 டிசம்பர் 31 சாம்பல் அறிவிக்கையிலும் சுரங்கக் குழிகளை நிரப்புவது அனுமதிக்கப்பட்ட பயன்களில் ஒன்றாக இருக்கிறது. ஆனால் அது நிலத்தடி நீரோட்டம் அறிந்த பொறியாளர்களின் வேலை. கல்லூரித் திட்டத்துக்கோ ஊர் ஓடைக்கோ உரியது அல்ல.

## கார்பைடு சுண்ணாம்பு

கேஸ் வெல்டிங்குக்கான அசிட்டிலீன் வாயுவைத் தயாரிக்கும் ஆலைகளில் கால்சியம் கார்பைடு தண்ணீரோடு சேர்ந்து வாயுவைக் கொடுத்தபின் வெள்ளைக் குழம்பு மிஞ்சும். அது பெரும்பாலும் நீற்றிய சுண்ணாம்பேதான். ஒரு டன் கார்பைடு வினைபுரிந்தால் ஒரு டன்னுக்கு மேலேயே உலர் சுண்ணாம்பு மிஞ்சும். சுவருக்கு வெள்ளையடிக்க இதை வாங்கிப்போகிறவர்கள் உண்டு.

அமிலத்தோடு மோதுவதில் நான்கில் இதுவே வலுவானது. நம் ஊற்றுக்கு உலர் எடையில் நாளுக்கு 6 கிலோ போதும். பி.எச். 12 வரை ஏற்றும் ஆற்றல் இருப்பதால் துத்தநாகம், நிக்கல், காட்மியம், மாங்கனீசு எல்லாவற்றையும் இறக்கலாம். சில நிமிடங்களில் வேலை முடியும்.

வலுவே இதன் சங்கடமும். அளவு மிஞ்சினால் பி.எச். 9-ஐத் தாண்டிப்போகும், படிந்த அலுமினியம் மறுபடி கரையும். மாங்கனீசுக்காக 10-க்கு ஏற்றினால், ஆற்றில் விடுமுன் திரும்பக் கீழே இறக்கவேண்டும். ஆகவே தினமும் அளந்து ஊற்ற ஓர் ஆள், கலக்க ஒரு மோட்டார், மின்சாரம், பி.எச். மீட்டர் எல்லாம் வேண்டும். ஒருநாள் ஆள் வராவிட்டால் அன்றைக்குப் பத்தாயிரம் லிட்டர் அமிலம் ஆற்றில்தான்.

சேறு? 200 மில்லிகிராம் இரும்பு மட்டுமே நாளுக்கு ஏறத்தாழ 4 கிலோ உலர் துருவாகப் படியும். ஆனால் சுண்ணாம்பிட்டு இறக்கிய சேறு தயிர்போல் நீர் பிடித்துக்கொள்ளும். நூற்றுக்கு மூன்று பங்குதான் திடப்பொருள் என்றால், தூக்கிச் சுமக்கவேண்டியது நாளுக்கு 130 கிலோ. தொழிற்சாலையில் இது நடந்தால் அபாயக் கழிவாகக் கணக்குவைத்து, நம் பகுதியில் என்றால் கும்மிடிப்பூண்டியில் உள்ள பாதுகாப்பான புதைப்பு மையத்துக்குப் பணம் கட்டி அனுப்பவேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தால்தான் கார்பைடு சுண்ணாம்பின் உண்மை விலை தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். புதுக் குழம்பில் அசிட்டிலீன் மிச்சம் இருக்கும். பக்கத்தில் பீடி பற்றவைத்தாலும் ஆபத்து. திறந்த வெளியில் மாதக்கணக்கில் கிடந்த குழம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்து மறுபடி சுண்ணாம்புக்கல்லாக மாறியிருக்கும். அதை நம்பி அளவு போட்டால் பி.எச். ஏறாது.

## நண்டு, இறால் ஓடு: சாணத்தோடும் மரத்தூளோடும்

என் மனம் சாயும் பக்கம் இதுதான், மறைக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

மேலே சொன்ன மூன்றும் உலோகத்தை ஹைட்ராக்சைடாகவோ கார்பனேட்டாகவோ இறக்குபவை. நான்காவது வழி முற்றிலும் வேறு. காற்றுப் புகாத ஈரப் படுகையில் சில பாக்டீரியாக்கள் சுரங்கநீரிலுள்ள சல்பேட்டையே சுவாசித்து ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். கூடவே அமிலத்தையும் தணிக்கும். அந்தச் சல்ஃபைடு துத்தநாகத்தையும் செம்பையும் நிக்கலையும் காட்மியத்தையும் கரும்படிவாகப் பிடித்துவிடும், அதுவும் பி.எச். 7 வாக்கிலேயே. அதாவது எந்தச் சேர்மமாகப் பாறைக்குள் இருந்தனவோ ஏறத்தாழ அதே சேர்மமாக அந்த உலோகங்கள் திரும்பிப் போகின்றன.

பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேண்டும். உடனே செரிப்பதற்குச் சாணம், மெல்ல மெல்லச் செரிப்பதற்கு மரத்தூள், அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்புக்கல் என்று மூன்றையும் கலப்பது வழக்கம். நண்டு ஓட்டில் இந்த மூன்றும் ஒன்றாகவே இருக்கின்றன: வேகமாகச் செரிக்கும் புரதம், மெதுவாகச் செரிக்கும் கைட்டின் என்ற நார்ப்பொருள், நடுவே கால்சியம் கார்பனேட். இறால் ஓட்டிலும் இவை உண்டு. ஆனால் ஓடு மெல்லியது, கார்பனேட் குறைவு, விரைவில் கரைந்துபோகும். காசிமேட்டில் இறால் உரிக்கும் அக்காமார்களிடம் கேட்டால் ஓட்டை அள்ளிப்போகச் சொல்லி நன்றியும் சொல்வார்கள்.

மூடிய பிளாஸ்டிக் வாளி ஒன்றில் நண்டு ஓடு, மரத்தூள், கைப்பிடிச் சாணம், கொஞ்சம் ஜல்லி போட்டு, அதே போலிச் சுரங்கநீரை நிரப்பி மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். ஒரு வாரம் எதுவும் நடக்கவில்லை. ஒன்பதாம் நாள் வாளிக்குள் எல்லாம் மைபோல் கறுத்திருந்தது. அழுகிய முட்டை நாற்றம். அன்று மாலை பக்கத்துப் போர்ஷன் அம்மா, ஜன்னலில் கழற்றி வைத்திருந்த பேத்தியின் வெள்ளிக் கொலுசைக் கொண்டுவந்து காட்டினார். அது கறுத்துப்போயிருந்தது. வெள்ளியைக் கறுக்கவைத்த அதே வாயுதான் வாளிக்குள் இரும்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. கொலுசை நானே மெருகேற்றிக் கொடுத்து, வாளியை மொட்டைமாடிக்கு மாற்றினேன். இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூடிய அறையில் அந்த வாயு உயிரைக் குடிக்கும். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது.

மறைமுகச் செலவுகள்: இடம் முதலாவது. நீர் படுகைக்குள் நான்கு நாள் தங்கவேண்டும் என்றால் நம் ஊற்றுக்கு 40,000 லிட்டர் வெற்றிடம் தேவை. படுகையில் பாதிதான் வெற்றிடம் என்பதால் 80 கன மீட்டர் குழி. ஒரு மீட்டர் ஆழத்தில் வெட்டினால் ஒரு கிரவுண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல் இடம் பிடிக்கும். முதல் சில வாரங்கள் வெளியே வரும் நீர் பழுப்பாக, அழுகும் கரிமப் பொருள் மிகுந்து இருக்கும். புரதம் சிதைவதால் அம்மோனியா வரும். குளிர்காலத்தில் பாக்டீரியா சோம்பிப்போகும். ஜெயின்டியா மலைக் குளிருக்குக் குழியைப் பெரிதாக வெட்டவேண்டியிருக்கும். சில ஆண்டுகளில் சாப்பாடு தீர்ந்துவிடும். படுகையை மாற்றும்போது அந்தக் கரும்படிவைக் காற்றில் காயப்போட்டால் மறுபடி அமிலம்தான். ஈரமாகவே மூடிவைக்கவேண்டும். மாங்கனீசு இதிலும் தப்பும்.

ஆனால் தினமும் ஆள் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், தயிர்ச்சேறு இல்லை. ஆண்டுக்கணக்கில் கசியும் கைவிட்ட குழிக்கு இதைவிடப் பொருத்தமானது இந்தப் பட்டியலில் இல்லை.

## வாழைப்பழத்தோல், புளியங்கொட்டை, உமிச்சாம்பல், உலைக் கிட்டம்

மாணவர் திட்டங்களில் இவை அடிக்கடி வருவதால் இரண்டு சொல். உறிஞ்சும் பொருள்கள் காரீயம், செம்பு போன்றவற்றைத் தூய கரைசலில் அழகாகப் பிடிக்கும். அமில நீரில் ஹைட்ரஜன் அயனிகளே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிச்ச இடத்தை இரும்பு நிரப்பிவிடும். அமிலத்தையும் இரும்பையும் எடுத்தபின் கடைசி மெருகுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். உருக்காலைக் கிட்டத்தை (உலோகம் உருக்கும்போது மிஞ்சும் கசடு) பொறுத்தவரை, இண்டக்‌ஷன் உலையிலிருந்து வருவது பெரும்பாலும் மணற்சத்து மிகுந்தது. அமிலத்தை அடக்கும் திறன் குறைவு. எந்த உலை என்று கேட்காமல் லாரி அனுப்பாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சிப்பி ஓடு | நம் பகுதிச் சாம்பல் | கார்பைடு சுண்ணாம்பு | நண்டு ஓட்டுப் படுகை |
|---|---|---|---|---|
| எட்டும் பி.எச். | 7.5 வரை | சாம்பலைப் பொறுத்தது | 12 வரை | 7 வாக்கில் |
| துத்தநாகம், காட்மியம் | அரைகுறை | நிச்சயமில்லை | இறங்கும் | நன்றாக இறங்கும் |
| மாங்கனீசு | தப்பும் | நிச்சயமில்லை | 10-க்கு ஏற்றினால் | தப்பும் |
| உதாரண ஊற்றுக்குத் தேவை | நாளுக்கு 16 கிலோ | நாளுக்கு 225 கிலோ | நாளுக்கு 6 கிலோ | 80 கன மீட்டர் குழி |
| தினசரி ஆள் | வேண்டாம் | வேண்டும் | கட்டாயம் | வேண்டாம் |
| மறைந்திருக்கும் செலவு | துருக்கவசம் | மலைபோல் சேறு, ஆர்செனிக் | தயிர்ச்சேறு, புதைப்புக் கட்டணம் | இடம், நாற்றம், அம்மோனியா |

## யாருக்கு எது

மாணவிகளுக்கு: காக்கா ஆழி ஓட்டையும் நண்டு ஓட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் போட்டியாக அல்ல, அடுக்காக. மேலே நண்டு ஓடும் மரத்தூளும், கீழே ஆழி ஓடு. மேலடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்து இரும்பு மறுபடி கரையும் வடிவத்துக்கு மாறிவிட்டால், கீழே ஓட்டின்மேல் துருக்கவசம் பிடிப்பது வெகுவாகக் குறையும். வெளியே வந்தபின் காற்றுப்படும் திறந்த தொட்டியில் இரும்பு படியட்டும். ஒரு சாடியில் ஆழி ஓட்டை மட்டும் போட்டு ஒப்பிட்டுக் காட்டினால் உங்கள் அறிக்கைக்கு அதுவே முதுகெலும்பு. பி.எச். மட்டுமல்ல, துத்தநாகம், மாங்கனீசு, அம்மோனியா, சல்ஃபைடு நான்கையும் அளந்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் முலாம் பட்டறைக்காரர்களும் துருவெடுக்கும் பட்டறைக்காரர்களும் இருப்பீர்கள். உங்கள் கழிவுநீரிலும் அமிலமும் உலோகமும்தான். உங்களிடம் தினமும் ஆள் இருக்கிறார், இடம் இல்லை. உங்களுக்கு உரியது கார்பைடு சுண்ணாம்பே. குரோமியம் முலாம் என்றால் மட்டும் நேராகச் சுண்ணாம்பு போடாதீர்கள். ஆறு இணைதிறன் குரோமியம் எந்தச் சுண்ணாம்புக்கும் இறங்காது. முதலில் அமில நிலையில் அதை மூன்று இணைதிறனுக்கு இறக்கவேண்டும்.

மேகாலயாத் தம்பிக்கு: நம் எண்ணூரிலிருந்து எதையும் அங்கே ஏற்றிவர நினைக்காதீர்கள். ஜெயின்டியா மலையிலேயே சுண்ணாம்புக்கல் மண்டிக் கிடக்கிறது. சிமென்ட் ஆலைகளே அதை நம்பித்தான் நடக்கின்றன. சாணமும் மரத்தூளும் அங்கேயும் உண்டு. நண்டு ஓடு செய்யும் வேலையை அந்த மூன்றும் சேர்ந்து செய்யும். மாங்கனீசு மிஞ்சினால், இரும்பு முழுதும் படிந்தபின் வெயில்படும் ஆழமில்லாத சுண்ணாம்புக்கல் படுகை ஒன்றில் நீரை மெல்ல ஓடவிடுங்கள். நாளடைவில் கற்களின்மேல் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும்.

அதற்கெல்லாம் முன்னால் மூன்று பாட்டில் தண்ணீர் வேண்டும். ஒன்றைக் காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி அமிலச் சுமைக்கு அனுப்புங்கள். இன்னொன்றை வடிகட்டி, சில துளி நைட்ரிக் அமிலம் விட்டு உலோகங்களுக்கு. மூன்றாவது சல்பேட்டுக்கு. பி.எச்.-ஐ ஓடைக்கரையிலேயே அளந்துவிடுங்கள். ஊருக்குக் கொண்டுவருவதற்குள் மாறிவிடும். ஒரு வாளியும் கடிகாரமும் வைத்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மழை கொட்டும் ஜூலையில் ஒருமுறை, வறண்ட ஜனவரியில் ஒருமுறை. அந்த இரண்டு தாள்களும் கைக்கு வந்தபின் எழுதுங்கள், குழியின் அளவை உட்கார்ந்து போட்டுவிடலாம்.